சிவநேசம் ஆள் சேர்க்காத கூட்டம்

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் சிவநேசத்தைத் தெரியாத தமிழ் வீடு ஒன்று இருந்தால், அங்கே ஆட்கள் நேற்றுத்தான் குடிவந்திருப்பார்கள். ஐம்பத்தொன்பது வயது. கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிற வேலை. இருபத்தாறு வருடமாக அதே வேலை, அதே மாடி. முதுகு போய்விட்டது, வாய் போகவில்லை.

அந்த வாயை முதலாகப் போட்டுத்தான் அவர் இன்னொரு தொழிலும் பார்த்தார். அதற்குச் சம்பளம் கிடையாது. தொகுதியில் ஒரு கட்சிக் கிளைக்கு அங்கத்தவர் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியிலும் இப்படி ஒரு சிவநேசம் இருக்கிறார். கொள்கை எழுதுவது வேறு ஆட்கள், மேடையில் பேசுவது வேறு ஆட்கள். கை தூக்கும் நாளில் மண்டபம் நிறைய வேண்டுமே, அதற்குத்தான் சிவநேசம். கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதே தொலைபேசியோடு குந்திவிடுவார்.

"அண்ணை, நான் சிவநேசம் கதைக்கிறன். வியாழக்கிழமை ஆறு மணி. அங்கத்தவர் கார்ட்டை மறக்காமல் கொண்டு வாங்கோ. கால் ஏலாதெண்டால் சொல்லுங்கோ, காரோட ஆள் அனுப்புறன்."

கிளை அலுவலகம் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். நம் சனம் அதைப் பார்க்குமா? கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லாவிட்டால் பத்து வருடம் முகம் கொடுக்காத சனம். சிவநேசம் வாயால் சொன்னால்தான் அழைப்பு. சொன்னால் நாற்பத்தைந்து பேர், ஐம்பது பேர் தவறாமல் வருவார்கள், அவர் கை தூக்கும்போது தூக்குவார்கள். எதற்குத் தூக்கினோம் என்று வடை சாப்பிடும்போது சிலர் கேட்பதும் உண்டு. இந்தச் சின்னப் பலத்தில் சிவநேசத்துக்குப் பெரிய பெருமை. ஊரில் கிடைக்காத மரியாதை, ஆஸ்பத்திரியில் கிடைக்காத மரியாதை, வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கிடைத்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

அந்தப் பலத்தை அவருக்கு முன்பே எடைபோட்டு வைத்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்.

அங்கே ஒரு பெரிய நாடு. அதை ஆள்வது ஒரே கட்சி, செங்கொடிக் கட்சி. வெளிநாட்டு அரசாங்கங்களோடு பேச அதற்கு அமைச்சு இருக்கிறது. அது போதாதென்று கட்சிக்குள்ளேயே ஓர் இலாகா. வெளிநாட்டுக் கட்சிகளோடு பழகுவது மட்டும்தான் அதன் வேலை. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, நாலு ஆசனக் கட்சி, ஆசனமே இல்லாத கட்சி, எல்லாருக்கும் அங்கே தேநீர் உண்டு. இன்றைக்கு ஒரு தொகுதியில் நாற்காலி அடுக்குகிறவன் பத்து வருடத்தில் யாராவான் என்று யார் கண்டது? ஆகவே நாற்காலி அடுக்குகிறவனையும் விடுவதில்லை. அவனுக்கும் ஒரு கோப்பு.

ஏழு வருடத்துக்கு முன் சிவநேசத்தின் கட்சியிலிருந்து ஏழு பேரை அந்த இலாகா விருந்தாளிகளாக அழைத்தது. ஆறு பேர் பெரிய ஆட்கள். ஏழாவது ஆள் கடைசி நேரத்தில் காலை முறித்துக்கொள்ள, அந்த இடம் சிவநேசத்துக்குக் கிடைத்தது. பத்து நாள். வெள்ளிக்கிழமை அவர் கேட்காமலே மரக்கறிச் சாப்பாடு வந்தது. ஓட்டல் அறையில் முதுகுக்கு வைக்க ஒரு தனித் தலையணை இருந்தது. விருந்தில் இலாகாவின் துணைத் தலைவர் எழுந்து வந்து, "சிவநேசம்" என்று ஓர் எழுத்துச் சிதையாமல் சொல்லிக் கைகொடுத்தார். சொந்தக் கட்சியின் தலைவர் இருபது வருடமாக "சிவா" என்று தொடங்கி இருமிவிட்டு நிறுத்துகிறவர். சிவநேசத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஊர் திரும்பி மூன்று மாதம் அதே கதைதான்.

மனைவி ஜெகதீஸ்வரி ஒரு கர்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறவள். அவளுக்கு உச்சி அவ்வளவு சுலபமாகக் குளிராது.

"சோழியன் குடுமி சும்மா ஆடாது," என்றாள். "அந்த முதுகுத் தலகாணி விசயம் அவைக்கு ஆர் சொன்னது?"

சிவநேசம் யோசித்தார். மொன்றியலில் ஒரு கருத்தரங்கில், கோப்பி குடிக்கும்போது, கிறிஸ்தோப்பரிடம் சொன்ன ஞாபகம். கிறிஸ்தோப்பர் இந்த ஊர்க்காரர், ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். சிவநேசத்தின் கட்சிக்கும் செங்கொடிக் கட்சிக்கும் நடுவே உள்ள நட்புக் கழகத்தின் செயலாளர். பழைய கம்பளிச் சட்டை, மெல்லிய குரல், யாரைக் கண்டாலும் முதலில் சுகம் விசாரிக்கிற மனிதர். அவரிடம் முதுகைப் பற்றிச் சொன்னதில் என்ன பிழை?

பிழை அதில் இல்லைத்தான். பிழை வேறோர் இடத்தில் நடந்தது.

யாழ்ப்பாணத்தில் சிவநேசத்தின் தங்கச்சிக்கு ஒரே மகன், விதுர்சன். தகப்பன் இல்லாத பிள்ளை. உள்ளூரில் மருத்துவபீடத்துக்குப் புள்ளி கொஞ்சம் குறைய, ஒரு முகவர் மூலம் விண்ணப்பித்து, அந்தப் பெரிய நாட்டுக்கே மருத்துவம் படிக்கப் போனான். அவனுடைய படிப்புக்கும் சிவநேசத்தின் கட்சிப் பயணத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. "அதை அந்த ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்று ஜெகதீஸ்வரி சொல்லிவைத்தாள். சிவநேசமும் சொல்லவில்லை. கிறிஸ்தோப்பரிடம் மூச்சே விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் அவருடைய தாய் காலமானாள். விசா, லீவு, முதுகு என்று ஏதேதோ தடுத்து அவரால் போக முடியவில்லை. கொள்ளி வைக்கப் போகாத மகன் என்ன செய்வான்? மரண அறிவித்தலையாவது குறையில்லாமல் போடுவான். நம்மவர்களின் மரண அறிவித்தலைப் பார்த்திருப்பீர்கள். செத்தவரைப் பற்றி நாலு வரி, இருக்கிறவர்களைப் பற்றி நாற்பது வரி. இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் (கனடா), இன்னார் (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தாயாரும், இன்னார் இன்னாரின் அன்பு மாமியாரும் என்று போகும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டோடு ஜென்மப் பகை. அடியில் எல்லாருடைய தொலைபேசி எண்களும். சிவநேசம் அழுதுகொண்டே இருந்து எழுதினார். பேரப்பிள்ளைகளின் வரிசையில் விதுர்சனின் பெயர் வந்தபோது, குடும்பத்தின் முதல் டொக்டர் அல்லவா, பெயருக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தையும் நகரத்தையும் சேர்த்து எழுதினார். இணையத்தில் அது உலகம் முழுக்கப் போயிற்று.

ஐந்தாம் நாள் இலாகாவிலிருந்து மலர்வளையம் வந்தது. கூடவே நல்ல தமிழில் ஓர் அனுதாபக் கடிதம். "தூர தேசத்தில் கல்வி கற்கும் பேரன் விதுர்சனின் துயரையும் பகிர்ந்துகொள்கிறோம்" என்று அதில் இருந்தது. சிவநேசம் அதை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்; பேரனின் பெயர் அவர்களுக்கு எப்படிப் போயிற்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜெகதீஸ்வரி ஒருமுறை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

இந்த வருடம் மார்ச்சில் றோசலின் ஒரு கடிதத்தாளோடு வந்தாள்.

றோசலின் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். அந்தப் பெரிய நாட்டில், அங்கே சிறுபான்மையான ஓர் இனத்தில் பிறந்தவள். சொந்தப் பெயரை இங்கே ஒருவருக்கும் சொல்ல வராததால் றோசலின் என்று வைத்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். தங்கள் மொழியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதற்காக நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலையில் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. அவளைக் கட்சியில் சேர்த்ததே சிவநேசம்தான். "எங்கள் கட்சியில் யாரும் கேள்வி கேட்கலாம்" என்று பிரெஞ்சில் பெருமையடித்துப் படிவம் நிரப்பியவர் அவர். அவள் அதை நம்பிவிட்டாள்.

தாளில் ஒரு தீர்மானம். கொண்டுபோகப்பட்டவர்கள் எங்கே என்று சொல்லும்வரை, அந்த ஆளும் கட்சியோடு நம் கட்சி வைத்திருக்கும் நட்பை நிறுத்திவைக்க வேண்டும். கீழே இருபத்திமூன்று கையெழுத்து. ஏப்ரல் கூட்டத்தில் கிளை அதை ஏற்றால் இலையுதிர்கால மாநாட்டுக்குப் போகும். ஏப்ரலைத் தவறவிட்டால் அடுத்த மாநாடு இரண்டு வருடம் கழித்து. கையெழுத்து வைத்தவர்கள் அங்கத்தவர்கள்தானா என்று செயலாளர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

"இதில் உள்ள ஒவ்வொருவருக்கும் அங்கே தாயோ தகப்பனோ இருக்கிறார்கள்," என்றாள் றோசலின். அவர்கள் பேசுவது பிரெஞ்சில். "பெயர்கள் வெளியே போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களைத் தவிர ஒருவரிடமும் தரமாட்டேன்."

சிவநேசம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமித் தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தார். அகதியாக வந்தவர். கொண்டுபோகப்படுவது என்றால் என்ன என்று புத்தகம் பார்த்துப் படிக்கவேண்டியவர் அல்ல. இந்தத் தீர்மானத்துக்கு அறுபது பேரைக் கொண்டுவருவேன் என்று அன்று மனதுக்குள் சத்தியம் செய்தார்.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, மத்தியான இடைவேளையில், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்தில் கிறிஸ்தோப்பர் வந்து எதிரே உட்கார்ந்தார். இரண்டு கோப்பியை அவரே வாங்கி வந்திருந்தார். முதுகைப் பற்றி விசாரித்தார். வெயில் தலைகாட்டுவதைப் பற்றிச் சொன்னார்.

"ஏதோ ஒரு கடிதத்தாள் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன்," என்றார் பிறகு. "அதைப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். மற்றக் கட்சிகளின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பதுதான் அவர்களுடைய முதலாவது கொள்கை. உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்."

"நண்பர்கள் ஒருவரையொருவர் சங்கடப்படுத்தமாட்டார்கள் என்று நம்புகிறார்கள், அவ்வளவுதான்." அவர் கோப்பியைக் கலக்கினார். "விதுர்சனுக்கு ஜூனில் இறுதிச் சோதனை, இல்லையா? நல்ல பிள்ளை என்கிறார்கள். விடுதியில் எட்டாம் மாடி. இந்தக் குளிருக்குப் பிடித்த இருமல் இன்னும் விடவில்லையாம். பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்."

சிவநேசம் கோப்பியைத் தள்ளி வைத்தார்.

"விதுர்சன் இருக்கிற இடத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

கிறிஸ்தோப்பர் உண்மையாகவே வியப்படைந்தார். "நீங்கள்தான்," என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். தாயின் மரண அறிவித்தல். பக்கத்திலேயே அழகான மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு பெயருக்கும் மேலே பென்சிலால் சின்னதாக ஓர் இலக்கம், ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை. "எவ்வளவு அருமையான வழக்கம் உங்களுடையது. வேறு எந்தச் சமூகமும் தன் குடும்பத்தை முழுவதும் ஒரே தாளில் எழுதித் தருவதில்லை. இலாகாவில் எல்லாரும் இதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள்."

அவர் தாளை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்தார். போகும்போது சிவநேசத்தின் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த மனிதருக்குத் தான் மிரட்டினோம் என்ற எண்ணமே இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சிவநேசம் மருமகனை அழைத்தார். அங்கே விடிந்துகொண்டிருந்தது. விதுர்சன் இருமினான், சிரித்தான்.

"மாமா, போன கிழமை எங்கட டீன் என்னைத் தனியக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தவர். உங்களைப் பற்றி எல்லாம் தெரிஞ்சு வைச்சிருக்கினம். நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை, நீங்கள் இவ்வளவு பெரிய ஆள் எண்டு."

"நீ சோதினை முடிஞ்ச அண்டைக்கே வெளிக்கிடவேணும். ஒரு நாளும் நிக்கக்கூடாது."

"ஓம் மாமா, டிக்கெட் போட்டிட்டன். அம்மாவும் நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறா. ஏன் உங்கட குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை, தடிமன்."

தொலைபேசியை வைத்த பிறகு நடந்ததையெல்லாம் ஜெகதீஸ்வரியிடம் சொன்னார். அவள் கத்தவில்லை. அறிவித்தலில் அந்தப் பெயரை ஏன் போட்டீர்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்த இருபத்திமூண்டு பேரைக் குடுக்கப் போறியளோ?"

"செத்தாலும் குடுக்கன்."

"அப்ப?"

"நான் ஒண்டும் செய்யாமல் இருந்தால் காணும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கூட்டம் நடக்க ஐம்பது பேர் வேணும். அவளின்ர ஆக்கள் இருபத்திமூண்டு. வேற ஒரு பத்துப் பேர் வருவினம். நான் ஒருதருக்கும் கோல் எடுக்காட்டில் கூட்டமே இல்லை. நான் ஒருதரையும் காட்டிக் குடுக்கேல்லை, ஒரு பொய்யும் சொல்லேல்லை. ஜூன் வரைக்கும்தானே. பிள்ளை வந்து சேரட்டும்."

"அப்ப அவளின்ர தமையன்?"

 அவள் எழுந்துபோய் அரிசி கழுவத் தொடங்கினாள்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் அவர் வேலையால் வந்து கதிரையில் குந்தினார். தொலைபேசி எதிரே கிடந்தது. நூற்றி அறுபது வீட்டு எண்களும் அவருக்கு மனப்பாடம். கை பரபரத்தது. ஒருமுறை எடுத்து மூன்று இலக்கம் அழுத்திவிட்டு வைத்துவிட்டார். சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவர்கள் இப்படிச் சும்மா இருந்து பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மாலை மழை தூறியது. பள்ளிக்கூட மண்டபத்தில் எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். முன் மூன்று வரிசையில் றோசலினும் அவளுடைய ஆட்களும் வேளைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நல்ல உடுப்பு உடுத்திருந்தார்கள். ஒரு கிழவர் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். பின்னால் அங்குமிங்குமாக ஒன்பது பேர். சிவநேசம் வாசலில் மேசை போட்டுப் பெயர் பதிந்துகொண்டிருந்தார். றோசலின் இரண்டு தரம் எழுந்து வந்து வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"உங்கள் ஆட்கள் வழக்கமாக ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுவார்களே?"

"மழை," என்றார் சிவநேசம்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. வந்தவர் பேரின்பநாதன், எழுபத்தைந்து வயது, பேர்த்தியின் உதவியோடு மின்னஞ்சல் பார்க்கிற ஒரேயொரு தமிழர். குடையை உதறிக்கொண்டே மண்டபம் அதிரக் கேட்டார்.

"என்ன சிவநேசம், எனக்குக் கோல் எடுக்கேல்லை? எங்கட ஆக்கள் ஒருதரையும் காணேல்லை! வாற வழியில டெபனர் கடையில நாலு பேரைக் கண்டு கேட்டனான், ஒருதருக்கும் கூட்டமெண்டே தெரியாது. என்ன, எங்களோட கோவமோ?"

சிவநேசம் பேனாவைப் பார்த்தார். றோசலின் மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள்.

"மழையைப் பற்றிச் சொல்கிறார்."

ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று மனைவியிடம் சொன்னவர் அவர்.

விதிப்படி அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கிளைத் தலைவர் மேடையிலிருந்து விரலால் எண்ணினார். முப்பத்துமூன்று, தானும் செயலாளரும் சேர்ந்து முப்பத்தைந்து. கூட்டம் நடத்தப் போதாது, ஆகவே தீர்மானங்கள் காலாவதி என்று அறிவித்துவிட்டு மேலங்கியை மாட்டினார். கழுத்துப் பட்டி கட்டிய கிழவருக்குப் புரியவில்லை. றோசலின் அவர் காதில் விளக்கினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தொப்பியைத் தேடினார்.

எல்லாரும் போனபிறகு றோசலின் சிவநேசத்திடம் வந்தாள். அழுதிருந்தாள். ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்கே ஆறுதல் சொன்னாள்.

"உங்கள்மேல் பிழையில்லை. உங்கள் மக்கள் களைத்துப்போனவர்கள், அவர்களுக்கும் எத்தனை கவலை. அந்தக் கடிதத்தாளை உங்களிடமே வைத்திருங்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கொடுப்போம். உங்களிடம் இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும்."

அதற்கும் அவர் தலையாட்டினார்.

இலாகாவிலிருந்து நன்றிக் கடிதம் வரவில்லை. கிறிஸ்தோப்பரும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் றோசலின் எதிர்ப்பட்டால் சிவநேசம் வேறு நடைவழியால் போகப் பழகிக்கொண்டார். ஏப்ரல் போய் மே வந்தது. இன்னும் ஆறு கிழமை, இன்னும் ஐந்து கிழமை என்று மனதுக்குள் எண்ணினார். பிள்ளை விமானம் ஏறியதும் றோசலினிடம் எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுவேன் என்று ஜெகதீஸ்வரியிடம் சொன்னார். அவர் அதை நிச்சயம் செய்திருப்பார், நான் நம்புகிறேன்.

மே மூன்றாம் சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரம், ஊரிலிருந்து தங்கச்சி அழைத்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். ஜெகதீஸ்வரிக்கும் கேட்கட்டும் என்று சிவநேசம் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

"அண்ணை, உங்கட புண்ணியம்! விதுர்சனுக்கு அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில இடம் குடுத்திட்டினம். மூண்டு வருசம். வெளிநாட்டுப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதே இல்லையாம். சோதினைக்கு முதலே கூப்பிட்டுக் குடுத்திருக்கினம். அவன் கேக்கவே இல்லையாம்!"

சிவநேசம் எழுந்து நின்றார். "வேண்டாமெண்டு சொல்லச் சொல்லு. ஜூனில வெளிக்கிடச் சொல்லு."

"என்ன விசர்க்கதை இது? கையெழுத்தும் வைச்சிட்டான். விசா மாத்தவேணுமெண்டு பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு போட்டினம்."

"ஆர் வாங்கினது?"

"அங்கத்தை கட்சி ஆக்கள்தான். எங்கட பழைய சிநேகிதரின்ர மருமோனை நாங்கள் பாத்துக்கொள்ளுவம், இனி இவன் எங்கட பிள்ளை எண்டு சொன்னவையாம். நான் விளக்கு ஏத்திக் கும்பிட்டனான் அண்ணை. இதுக்கெல்லாம் கனடாவில ஒருதர்தான் ஒழுங்கு செய்தவராம், உங்கட கூட்டாளியாம். அவருக்கு என்ர வாயால ஒரு நன்றி சொல்லோணும். அவரின்ர நம்பரைத் தாங்கோ."

 தங்கச்சி "ஹலோ, ஹலோ" என்றாள். அவர் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினார். ஜெகதீஸ்வரி அதை வாங்கவில்லை.